அது சமய விஷயம் இல்லையாம்

எங்கள் அம்மையார்குப்பத்தில் ஒரு சர்வ சமய நல்லிணக்கக் கூட்டம் நடந்தது. அழைப்பிதழில் மூன்று ஆண்களின் படம்: ஒரு சுவாமி, ஒரு பாதிரியார், ஒரு ஹஜ்ரத். அதற்குக் கீழே முன்னிலை வகிக்க நான்கு ஆண்கள், வாழ்த்துரை வழங்க ஐந்து ஆண்கள். எழுத்து சிறுத்துப்போன கடைசி வரியில் 'குத்துவிளக்கு ஏற்றுதல்: மகளிர் சுயஉதவிக் குழுவினர்' என்று இருந்தது. அந்தக் குழுவினரில் நானும் ஒருத்தி. அதனால் சமய மேடையில் ஏறிய அனுபவம் எனக்கும் உண்டு. ஒரு திரி கொளுத்துகிற நேரம்.

கூட்டம் நன்றாகத்தான் போனது. நதிகள் பல, கடல் ஒன்று என்றார் சுவாமி. விளக்குகள் பல, வெளிச்சம் ஒன்று என்றார் பாதிரியார். பூக்கள் பல, தோட்டம் ஒன்று என்றார் ஹஜ்ரத். ஒருவர் மதத்தை மற்றவர் புகழ்ந்தார். பொன்னாடைகள் மாறின. கடைசியில் கேள்வி நேரம் என்று அறிவித்தார்கள். யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அறிவித்ததுபோலத்தான் இருந்தது.

ஆனால் எங்கள் குழுவிலிருந்து ஒருத்தி எழுந்து நின்றாள். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவள், நாங்கள் சிஸ்டர் என்று கூப்பிடுகிறவள். "ஐயா, உங்க மூணு பேரையும்தான் கேக்கறேன். ராத்திரி பன்னெண்டு மணிக்குப் புருஷன் அடிச்சுத் தொரத்தினா, கொழந்தயத் தூக்கிட்டு வர்ற பொண்ணுக்குக் கோயிலு, சர்ச்சு, மசூதி, இந்த மூணுல எது கதவத் தொறக்கும்?"

மைக் வைத்திருந்தவர் முந்திக்கொண்டார். "அம்மா, அது குடும்ப விஷயம். இன்னிக்கு நாம சமயம் பத்திப் பேச வந்திருக்கோம்." மேடையில் இருந்த மூவரும் தலையசைத்தார்கள். நதி, விளக்கு, பூ என்று அதுவரை ஆளுக்கொரு உவமை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அந்த மாலையில் உவமையே இல்லாமல் ஒன்றுபட்ட ஒரே இடம் அது. பிறகு கேசரியும் போண்டாவும் கொடுத்தார்கள். பரிமாறியது நாங்கள்.

அந்தத் தலையசைப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சமய நல்லிணக்கம் என்று நம் மேடைகளில் நடப்பது, ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் எட்டிப் பார்ப்பதில்லை என்று ஆண்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் என்று நான் சொல்கிறேன். உன் வீட்டுப் பெண்ணை நீ என்ன செய்கிறாய் என்று நான் கேட்கமாட்டேன், என் வீட்டில் நடப்பதை நீ கேட்காதே. வெளியே வந்தால் தோளில் கை போட்டுக்கொள்வோம். இந்த ஒப்பந்தம் முறிகிற நாளில் என்ன பேசுவார்கள் தெரியுமா? அப்போதும் எங்களைத்தான். 'எங்கள் மதத்தில் பெண்ணுக்கு உள்ள மரியாதை உங்கள் மதத்தில் உண்டா' என்பார்கள். சமாதான காலத்தில் எங்களைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, சண்டைக் காலத்தில் எங்களைப் பற்றி மட்டும்தான் பேச்சு. இரண்டிலும் எங்களிடம் கேட்பதில்லை.

ஆனால் மதங்களை ஒப்பிட்டுப் பேசுவது எங்களுக்குப் புதிதே இல்லை. எங்கள் ஊர் தறி ஊர். ஒரு தெருவில் நுழைந்தால் மறு முனை வரைக்கும் விசைத்தறியின் டக்கடக்க. அந்தச் சத்தத்தில் புருஷன் பெண்டாட்டி சண்டைகூடச் சைகையில்தான் நடக்கும். கரண்ட் நிற்கிற நேரம்தான் எங்களுக்குப் பேச்சு நேரம். தறி நின்றால் தெருவே திடீரென்று காது கேட்கத் தொடங்கும். தார் சுற்றுகிற பெண்கள் திண்ணைக்கு வருவோம். என் திண்ணையில் நான், எதிர் வீட்டுப் பாயம்மா, சிஸ்டர். வெயிற்காலத்தில் மின்வெட்டு அதிகம். எங்கள் இறையியலும் வெயிற்காலத்தில்தான் அதிகம் வளர்ந்தது.

அந்தத் திண்ணையைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மேலே போனால் நானும் மேடையில் இருந்தவர்களைப் போலத்தான். சிஸ்டர் காலனியிலிருந்து வருகிறவள். என் மாமியார் இருந்தவரை அவள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்ததில்லை. தார்க் கூடையை வாசலில் இறக்குவாள், கூலியை வாசலில் வாங்குவாள், என்னை 'அம்மா' என்பாள். என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவள். பாயம்மாவுக்கு நாற்காலி, அவளுக்குத் தரை. மாற்று மதத்தவர் எங்கள் திண்ணை ஏறலாம். அப்போது எங்கள் மதத்திலேயே இருந்த அவள் ஏறக் கூடாது. மாமியார் போனபிறகும் அவளை நான் மேலே கூப்பிட ஒரு வருஷம் ஆயிற்று. ஏன் ஆயிற்று என்றால் பதில் இல்லை; தெரு என்ன சொல்லுமோ என்ற பயம், அவ்வளவுதான். அதற்குள் அவள் சபைக்குப் போய்விட்டிருந்தாள். ஏன் போனாய் என்று கேட்டேன். "அங்க பாய் விரிச்சா எல்லாரும் அதே பாயிலதான்." இயேசுவைப் பற்றி அவள் என்னிடம் முதலில் சொன்னது அதுதான். இப்போது என்னை அக்கா என்கிறாள். அந்த ஒரு சொல் மாற எவ்வளவு காலம் பிடித்தது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒரு நாள் பேச்சு பொட்டைப் பற்றி வந்தது. என் அம்மாவுக்குத் தாலி வாங்கிய சடங்கை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பூ வைத்து, பொட்டு வைத்து, வளையல் அடுக்கி, கடைசியாக ஒரு முறை அலங்கரித்து, அதே கைகளால் எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். பிடுங்கியவர்களும் பெண்கள்தான். பாயம்மா தன் இத்தாவைச் சொன்னார்: நான்கு மாதம் பத்து நாள், வீட்டுக்குள். "மறுகல்யாணம் கூடும்னு சட்டம் இருக்கு. மாப்பிள்ள எங்க?" என்று சிரித்தார். கழுத்தில் இருந்த கருகமணியைக் கழற்றி டப்பாவில் போட்டு வைத்ததையும், அதை யாருக்கும் தெரியாமல் இன்றும் எடுத்துப் பார்ப்பதையும் சொன்னார். சிஸ்டர் அதுவரை பேசவில்லை. பிறகு சொன்னாள்: "எனுக்கு யாரும் எதையும் எடுக்கலக்கா. ஞானஸ்நானம் எடுத்தன்னிக்கே பொட்டு, பூ, நகை எல்லாத்தையும் நானே எடுத்துட்டேன். அவரு செத்தப்போ எடுக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல. வந்தவங்க கையப் பெசஞ்சுக்கினு நின்னாங்க."

அலங்காரத்தைத் துறக்கச் சொல்லும் சபையை அதுவரை நான் பெண்ணுக்கு எதிரானது என்றுதான் நினைத்திருந்தேன். 'பூ வைக்கக்கூட விடாத மதம்' என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். ஆனால் அவள் தானே துறந்ததால், பிடுங்க வந்த ஊர்க் கைகள் வெறுங்கையாக நின்றன. இதை எந்தப் புத்தகத்திலிருந்து நான் கற்றிருக்க முடியும்? அதற்காக அவள் சபையையும் விட்டுவைக்கவில்லை. வசனம் முழுக்க மனப்பாடமாக வைத்திருக்கும் அவளைப் பெண்கள் கூட்டத்துக்கு மேல் பேச விடுவதில்லை. மகளுக்கு வரன் பார்க்கப் போனால், அதே பாயில் உட்கார்ந்தவர்கள் காதோடு 'நீங்க என்ன ஆளுங்க' என்று கேட்கிறார்கள். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் சாதிச் சுவர் நின்ற ஊர் இது. பாமா கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்து 1992-இல் 'கருக்கு' எழுதிய மண் இது. செத்தபிறகே பிரிக்கிறவர்கள் கல்யாணத்தில் பிரிக்கமாட்டார்களா?

தீட்டு பற்றியும் பேசியிருக்கிறோம். ரமலானில் அந்த நாட்களில் நோன்பு பிடிக்கக் கூடாது. ஆனால் வளர்ந்த பையன்கள் இருக்கும் வீட்டில் பகலில் சாப்பிடுவதை மறைக்க வேண்டும். பாயம்மா பல வருஷம் அடுப்படியில் கதவுக்குப் பின்னால் நின்று தண்ணீர் குடித்திருக்கிறார். விட்டுப்போன தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டியதில்லை, விட்டுப்போன நோன்பை மட்டும் பின்னால் பிடித்துக் கழிக்க வேண்டும். அதையும் ஏன் இன்றைக்கு நோன்பு என்று யாரும் கேட்காதபடி கழிக்க வேண்டும். எனக்கோ ஆடிக் கிருத்திகைக்கு மலையேறுவதற்குத் தேதி எண்ணும் கவலை. முந்நூற்று அறுபத்தைந்து படியும் எனக்கு மூச்சு வாங்காது. காலண்டர்தான் மூச்சு வாங்கும். சிஸ்டருக்கு இதில் எந்தத் தடையும் இல்லை, எல்லா நாளும் ஜெபிக்கலாம். அந்த ஒரு விஷயத்தில் அவள்மேல் எனக்குப் பொறாமை உண்டு.

முருகனையும் விடவில்லை. வள்ளியைத் திருத்தணியில்தான் கல்யாணம் செய்துகொண்டார் என்று பெருமையாகச் சொன்னேன். "அப்போ தெய்வானை?" என்றார் பாயம்மா. "ஒங்க சாமிக்கு ரெண்டு பேரு. ஆனா ரெண்டு பொண்டாட்டின்னாலே எல்லாரும் எங்க தெருவப் பாக்கறீங்களே, ஏம்மா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு வைத்திருக்கும் ஆண்களை விரல்விட்டு எண்ணினோம். எல்லா மதமும் வந்தது. சென்னை மாகாணத்தில் இந்துக்களின் இருதார மணத்தை 1949-இலேயே சட்டம் தடுத்துவிட்டது. 'சின்ன வீடு' என்ற சொல்லைத் தமிழிலிருந்து எந்தச் சட்டமும் எடுக்கவில்லை.

குறை மட்டுமா பேசினோம்? இல்லை. எங்களுக்குப் பக்கத்துத் திருவாலங்காட்டில் வந்து சேர்ந்த காரைக்கால் அம்மையாரின் கதையை நான் சொன்னேன். மாங்கனி அதிசயத்தைக் கண்டு பயந்து ஓடிய கணவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, திரும்பி வந்து காலில் விழுந்தபோது, இந்த அழகும் சதையும் இனி எதற்கு என்று உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கியவர். "அழகா இருந்துக்கினே சாமிகிட்டப் பேசக் கூடாதாமா?" என்று கேட்டாள் சிஸ்டர். பாயம்மா பஸ்ராவின் ராபியாவைச் சொன்னார். அடிமையாக இருந்து விடுதலையானவர், கல்யாணமே வேண்டாம் என்று இறைவனோடு இருந்தவர், பெரிய பெரிய ஞானிகள் அவரிடம் வந்து பாடம் கேட்டார்கள் என்று. சிஸ்டர் மகதலேனா மரியாளைச் சொன்னாள். உயிர்த்தெழுந்த இயேசுவை முதலில் கண்டவள் அவள். ஓடிப்போய்ச் சீஷர்களிடம் சொன்னால் அவர்கள் நம்பவில்லை, வெறும் பேச்சு என்று தள்ளிவிட்டார்கள். "பொம்பள சொன்னா அப்பவே அப்டித்தான்" என்றாள். அன்றைக்குக் கரண்ட் சீக்கிரம் வந்துவிட்டது. எங்கள் மூவருக்கும் அதில் வருத்தம்.

இதுதான் சமய உரையாடல். மண்டபத்தில் நடந்தது அல்ல. ஆனால் எங்கள் பேச்சுக்கு யாரும் அந்தப் பெயரைத் தருவதில்லை. பெயர் யாருக்குக் கிடைக்கிறது என்று பார்க்கத் தூரம் போக வேண்டாம். திருத்தணிக்கே போகலாம்.

மதங்களை ஒப்பிடுவதையே படிப்பாகச் செய்து உலகப் புகழ் பெற்றவர் எங்கள் பக்கத்துக்காரர். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888-இல் திருத்தணியில் பிறந்தவர். கிறித்துவ மிஷன் பள்ளிகளிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் படித்தவர். இந்து மதத்தைப் பற்றி அங்கே ஆசிரியர்கள் சொன்ன குறைகள் அவரைக் குத்தின. அதற்குப் பதில் தேடித்தான் வேதாந்தத்துக்குள் போனார். 1926-இல் ஆக்ஸ்போர்டில் இந்து வாழ்க்கை நோக்கைப் பற்றி உரைகள் ஆற்றினார். பத்து வருஷம் கழித்து அதே பல்கலைக்கழகத்தில் கீழைச் சமயங்களுக்கும் அறவியலுக்கும் பேராசிரியரானார். ஒரு காலனி நாட்டு மாணவன் தன்னை அவமதித்தவர்களின் ஊருக்கே போய்ப் பாடம் நடத்தினார் என்பதில் எனக்கும் பெருமை உண்டு. அதை நான் குறைக்கவில்லை.

ஆனால் அந்த ஒப்பீடு எப்படிப்பட்டது என்று பாருங்கள். கிறித்துவ ஆசிரியர் இந்து மதத்தைக் குறை சொன்னார். இந்து மாணவர் எழுந்து தன் மதத்துக்காக வாதாடினார். வழக்கு நடத்துவதுபோல. வக்கீலுக்குத் தன் கட்சிக்காரரின் குறை தெரிந்தாலும் நீதிமன்றத்தில் சொல்லக் கூடாது. அதனால்தான் 'இந்து வாழ்க்கை நோக்கு' சாதியைக்கூடப் பல இனங்களை இணங்க வைத்த ஏற்பாடாகப் பார்க்கிறது. காலனியிலிருந்து வந்து என் வாசலில் கூடையை இறக்கியவளைச் சாட்சிக்கு அழைத்திருந்தால் அந்த வாதம் நிற்குமா? அவர் 1903-இல் சிவகாமுவைக் கல்யாணம் செய்துகொண்டபோது அந்தப் பெண்ணுக்கு வயது பத்து. 1956 வரை உடன் வாழ்ந்தார் சிவகாமு. மகன் கோபால் 1989-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் தந்தையின் வெளி உறவுகளையும் அதில் தாய் பட்டதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஒரு மகன் அப்படி எழுதுவது பெரிய விஷயம். நான் படித்தவரை, தத்துவப் பேராசிரியரின் ஒப்பாய்வுகளில் எங்கும் சிவகாமு சாட்சியாக வரவில்லை. இந்து வாழ்க்கையை அந்த வீட்டில் முழுநேரமும் வாழ்ந்தவர் அவர்.

சாட்சி சொல்லக்கூடிய பெண் கிடைத்தாலும் ஆண்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்குப் பண்டித ராமாபாய் இருக்கிறார். சமஸ்கிருதம் கற்றவர், இளம் வயதிலேயே கணவனை இழந்தவர், 1883-இல் இங்கிலாந்தில் கிறித்துவரானவர். மதம் மாறியதும் அங்கே அடக்கமாக இருந்தாரா? அங்கேயும் கேள்விதான். திரித்துவம் ஏன், என் மனசாட்சிக்கு மேல் உங்கள் பிஷப் ஏன் என்று தன்னை வழிநடத்த வந்த சகோதரி ஜெரால்டினோடு கடிதம் கடிதமாக வாதிட்டார். ஆண் மாணவர்களுக்கு அவர் பாடம் நடத்தலாமா என்ற பேச்சு வந்தபோது இந்தியாவில் இருந்த பிஷப்புகள் கூடாது என்றார்கள். இந்தியப் பெண்ணின் மரியாதை கெட்டுவிடுமாம். பிராமணப் பண்டிதர்கள் சொல்லியிருக்க வேண்டியதைப் பிஷப்புகள் சொன்னார்கள். 1895-இல் புரூக்ளினில் விவேகானந்தர் இந்து விதவைகளின் நிலையைப் பற்றிச் சொன்னதை, ராமாபாயின் பள்ளிக்குப் பணம் திரட்டிய அமெரிக்கப் பெண்கள் மறுத்தார்கள். சுவாமியின் அன்பர்கள் அவருக்காக வாதாடினார்கள். பத்திரிகைகளில் சண்டை நடந்தது. இந்து மதம் பெரிதா கிறித்துவம் பெரிதா என்ற அந்த வழக்குக்கு விதவைதான் ஆவணம். அந்த நேரத்தில் ராமாபாய் புனாவில், நிஜ விதவைகளுக்குச் சோறு போட்டுப் படிப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களை யார் கேட்டது?

இது பழங்கதை என்பவர்களுக்கு 1986 பிப்ரவரியை நினைவூட்டுகிறேன். முதல் தேதி அயோத்தியில் பூட்டைத் திறந்தார்கள். 24-ஆம் தேதி, மேரி ராய் தொடுத்த வழக்கில், கேரளச் சிரியன் கிறித்துவப் பெண்களுக்குத் தந்தை சொத்தில் சம பங்கு உண்டு என்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதுவரை மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. மறுநாள் 25-ஆம் தேதி, ஷா பானுவுக்கு முந்தைய வருஷம் கிடைத்த ஜீவனாம்சத் தீர்ப்பைக் கவிழ்க்கும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஒரே மாதம். ஒரு மதத்து ஆண்களுக்குக் கோயில் பூட்டு, இன்னொரு மதத்து ஆண்களுக்கு மசோதா. பெண் தானாகப் போராடி வாங்கிய மூன்றாவதற்குத் திருச்சபை மேடைகளிலிருந்தே எதிர்ப்பு. வேறு எதிலும் ஒத்துப்போகாத பெரியவர்கள் சொத்து, ஜீவனாம்சம் என்றதும் ஒரே குரலில் பேசினார்கள். இதையும் நல்லிணக்கம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆண்கள் ஒப்பியல் சமயத்தைத் தங்களுக்குப் பயன்படுத்திக்கொண்ட விதம் 1995-இல் சர்லா முத்கல் வழக்கில் வெளிவந்தது. முதல் மனைவியை விலக்காமலே இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ள, இந்து ஆண்கள் முஸ்லிமாக மாறியிருந்தார்கள். தொழவா மாறினார்கள்? எந்த மதத்தில் தனக்கு என்ன சலுகை என்று கடைக் கடையாக ஏறி இறங்கிப் பார்த்திருந்தார்கள். அதே காலத்தில், இந்தியக் கிறித்துவப் பெண்ணுக்கு மணவிலக்கு வேண்டுமென்றால் கணவனின் கள்ள உறவை மட்டும் நிரூபித்தால் போதாது, அதோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். கணவனுக்கு முதலாவது மட்டும் போதும். 1869-இல் எழுதியது. 2001-இல்தான் திருத்தினார்கள்.

இந்த இடத்தில் என் தோழர்களில் சிலர், அப்படியானால் மதத்தையே விட்டுவிட வேண்டியதுதானே என்பார்கள். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது எனக்கும் பாடம்தான். விடுகிறவர்கள் விடட்டும். பாயம்மாவிடம் போய் விடச் சொல்ல எனக்கு வாய் வராது. துக்கம் வந்தால் அரபியில் துஆ வராது, வீட்டுப் பாஷையில்தான் அல்லாவிடம் பேசுவேன் என்கிறவர் அவர். சத்தம் போட்டு அழுவதற்குச் சிஸ்டருக்கு இந்த ஊரில் இருக்கும் ஒரே இடம் ஜெப வீடு. அதை அவளிடமிருந்து வாங்கிவிட்டு எதைக் கொடுப்பேன்?

இன்னொரு ஆட்சேபம்தான் கனமானது. காலம் கெட்டுக் கிடக்கிறது. பள்ளிவாசல் பக்கம் ஊர்வலம் போனாலே பயப்பட வேண்டியிருக்கிறது. இப்போது போய்ப் பெண் பிரச்சினையைக் கிளப்பினால் யாருக்கு லாபம் என்கிறார்கள். இதை மேடைக்காரர்கள் சொன்னால் நான் மதிக்கமாட்டேன். பாயம்மா சொன்னார். அன்றைய கூட்டத்தில் சிஸ்டர் கேட்டபோது அவரும் எழுந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவருடைய மகள் கைக்குழந்தையோடு திரும்பி வந்து வீட்டில் இருக்கிறாள். நள்ளிரவில் கதவைத் தட்டியவள் அவள்தான். சிஸ்டர் கேட்டது அவளுக்காகத்தான். ஏன் எழவில்லை என்று மறுநாள் கேட்டேன். "இங்க சொன்னா ஒங்க காதோட போவும். அங்க நான் எழுந்து சொன்னா, எவனாவது செல்போன்ல புடிச்சு, பாருங்க பாய்ங்க பொண்ணுங்கள என்ன பண்றாங்கன்னு போடுவான். எம்மவளுக்கு நியாயம் கெடைக்காது. எங்க தெருவுல கல்லு விழும்."

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் இருப்பதுபோல் நடிக்கவும் விரும்பவில்லை. முத்தலாக்குக்கு மூன்று வருஷம் வரை சிறை என்று 2019-இல் சட்டம் கொண்டுவந்த கட்சிதான், 2018 செப்டம்பரில் எல்லா வயதுப் பெண்ணும் சபரிமலைக்குப் போகலாம் என்று தீர்ப்பு வந்தபோது அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியது. முஸ்லிம் பெண்ணுக்காக அழுத கண், இந்துப் பெண் படியேறினால் சிவந்துவிட்டது. ஒரே குறையைச் சொன்னாலும் மூவருக்கும் விலை ஒன்றாக இல்லை. எனக்குத் தெருவின் ஏச்சு. சிஸ்டருக்கு அதோடு சாதியும். பாயம்மாவுக்கு ஒரு தெருவின் பாதுகாப்பு. இதைக் கணக்கில் எடுக்காமல் 'பெண்கள் எல்லாரும் ஒன்று' என்று பேசினால் அதுவும் 'நதிகள் பல, கடல் ஒன்று' கதைதான்.

ஆனால் பேசாமல் இருந்தால் போதுமா? புதுக்கோட்டையில் ஷரீஃபா கானமும் தோழிகளும் பேசாமல் இருக்கவில்லை. பெண்ணின் வழக்கை ஆண்கள் மட்டும் உட்கார்ந்து, அவளை உள்ளேயே விடாமல், தீர்த்துவைக்கும் ஜமாத்துக்கு எதிரில் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாத்தை நிறுவினார்கள். பெண்களே குர்ஆனை வைத்துக்கொண்டு பெண்களின் வழக்கைக் கேட்டார்கள். தீபா தன்ராஜ் 2011-இல் அதைப் படமாக எடுத்தார். இதில் எனக்குப் பிடித்தது, அவர்கள் வெளியாரிடம் தீர்ப்புக் கேட்கப் போகாததும், உள்ளே இருக்கும் ஆண்களின் தீர்ப்புக்குக் காத்திருக்காததும். பாயம்மாவிடம் இதைச் சொன்னபோது, "புதுக்கோட்ட ரொம்ப தூரமாம்மா?" என்று கேட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்டார்.

எங்கள் திண்ணையில் நாங்கள் யாரும் போடாமலே ஒரு விதி விழுந்திருக்கிறது. அடுத்தவள் சாமியைக் கேள்வி கேட்கலாம், கேலியும் செய்யலாம். ஆனால் அதற்கு முன்னால் உன் சாமி பேரால் உனக்கு நடந்ததை நீ சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் பாயம்மா என் முருகனைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை; அதற்கு முன்பே அவர் அடுப்படிக் கதவைச் சொல்லியிருந்தார். அதனால்தான் சிஸ்டரின் சபையைக் கேட்க எனக்கு வாய் வந்தது. நான் வாசல் கூடையைச் சொன்ன பிறகுதான். மண்டபத்தில் மூவரும் தலைகீழாகச் செய்தார்கள். தன் மதத்தின் குறையை ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் மாற்றிக்கொள்ளும் பொன்னாடை எனக்கு முகத்தை மூடும் துணியாகத்தான் தெரிகிறது.

இந்த வருஷமும் கூட்டம் உண்டாம். ஏற்பாட்டாளர் போன் செய்தார். போன தடவை பெண்களுக்கு இடம் இல்லை என்று பேச்சு வந்ததால் இந்த முறை பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார்களாம். மதத்துக்கு ஒரு பெண், 'எங்கள் மதத்தில் பெண்ணின் பெருமை' என்று பேச வேண்டும். விளக்கும் வழக்கம்போல நாங்களே ஏற்றலாம். நான் சொன்னேன்: பெருமை பேச ஆள் இல்லை. நாங்கள் வருவதானால், ஒவ்வொருத்தியும் தன் மதத்தில் தனக்கு நடந்ததைச் சொல்வாள், தான் ஏன் இன்னும் கும்பிடுகிறாள் என்பதையும் சொல்வாள். வீடியோ கூடாது, செல்போன்களை வாசலில் வாங்கி வைக்க வேண்டும். மூன்று பெரியவர்களும் மேடைக்குக் கீழே முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கடைசியில், போன வருஷக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: எந்தக் கதவு திறக்கும்? ஊரில் ஒரு சாவியாவது ஒரு பெண்ணின் கையில் இருக்குமா?

"கமிட்டியில கேட்டுட்டுச் சொல்றேன் மேடம்" என்று வைத்துவிட்டார்.

மின்வெட்டில் இதைச் சொன்னேன். "கேட்டு வரமாட்டாங்கக்கா" என்றாள் சிஸ்டர். "அப்போ வெளக்கு யாரு ஏத்துவாங்க?"

"அவங்களே ஏத்தட்டும். கை இருக்குல்ல?" என்றார் பாயம்மா. பேரன் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். கரண்ட் வந்தது. மூன்றாம் வீட்டில் முதல் தறி ஓடத் தொடங்கியது.